மாட்டுங்காவில் ஒரு அம்மா

"உம்ம வீடு மாட்டுங்காதான? இங்கருந்து பக்கம். சாயங்காலம் ஒரு எட்டு போயி உங்க அம்மாவப் பாத்துட்டு வந்திருவமா?"

பேராயர் ஞானாபரணம் இப்படிக் கேட்டபோது ஜெபசிங்கின் வாயில் பாதி சமோசா இருந்தது. மீதி கையில் இருந்தது. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

மும்பை செம்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அகில இந்திய சபைப் பேரவை நடந்துகொண்டிருந்தது. அன்று நான்காம் நாள், காலைத் தேநீர் இடைவேளை. நாடெங்கிலுமிருந்து நானூறு பிரதிநிதிகள். இறையியல் கல்லூரிக்கு ஒருவராக மாணவப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். மற்றவர்களுக்குப் பச்சை அட்டையும் சிவப்பு அட்டையும் கொடுத்திருந்தார்கள், தூக்கினால் ஓட்டு. மாணவர்களுக்கு வெள்ளை அட்டை மட்டும். அதைத் தூக்கினால் பேச அனுமதி கேட்கிறான் என்று அர்த்தம், ஓட்டு கிடையாது. ஜெபசிங் நான்கு நாளாக அந்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

பேராயர் ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் போதகர்களாக்கும் குருப்பட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு இன்னும் அவரே தலைவர். அடுத்த மாதம் ஜெபசிங்குக்கு நேர்முகம். அவனுடைய விண்ணப்பம் அவர் மேசையில்தான் இருக்கிறது. அதில் சொந்த முகவரி என்ற இடத்தில் 'மாட்டுங்கா, மும்பை' என்று எழுதியிருக்கிறது.

வில்லங்கமே அதில்தான். அவன் பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப். பெயரில் மட்டும்தான் மாட்டுங்கா. இருப்பது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தாராவியில். அவன் அம்மா ஞானப்பூ விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, ஹாரன் அடித்துக்கொண்டு வரும் சைக்கிள்காரர்களின் தூக்குகளில் நிரப்பி அனுப்புகிறவள். அந்த இட்லியில்தான் அவன் படித்தான்.

கல்லூரியில் சேர்ந்த அன்று படிவம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "பம்பாயா? தாராவியில எல்லாம் இல்லல்ல?" என்று கேட்டுச் சிரித்தான். கேட்டவன் அன்றைக்கே மறந்திருப்பான். ஜெபசிங்கின் கை 'மாட்டுங்கா'வோடு நின்றுவிட்டது. பொய் ஒன்றும் எழுதவில்லை, 'லேபர் கேம்ப்' என்ற இரண்டு வார்த்தையை எழுதாமல் விட்டான், அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று வருடமாக அந்த இரண்டு வார்த்தைக்குக் காவல் இருப்பதே அவனுக்குப் பிழைப்பாகப் போய்விட்டது. பொய்யான முகவரி கொடுத்தவன் என்று பேராயருக்குத் தெரிந்தால் குருப்பட்டம் அவ்வளவுதான்.

சமோசாவை விழுங்கினான்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல அய்யா."

நோயாளி வீட்டுக்கு விருந்தாளி வரமாட்டார் என்று நினைத்தான். போதகராகப் போகிறவன் நினைக்கிற நினைப்பா அது? நோயாளி வீடு என்றால் சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுக் கிளம்புகிற ஆட்கள் போதகர்கள்.

பேராயர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உடம்பு சரியில்லையா? எப்பருந்து?"

"இன்னைக்குக் காலையிலருந்து."

"காலையில எத்தன மணிக்கு?"

"ஒரு ஏழு மணி இருக்கும் அய்யா."

"ஏழு மணிக்கா!" பேராயர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஏழு மணிக்கு நான் தங்கியிருக்க வீட்டுல இட்லியும் சாளைமீன் கொழம்பும் சாப்பிட்டுட்டு இருந்தேன். இப்படி ஒரு சேதி தெரியாமப் போச்சே."

அவருக்கு ஓட்டலில் அறை போட்டிருந்தார்கள். வேண்டாம், சபையார் வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றுவிட்டார். எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று பலர் கேட்டதால், சீட்டுக் குலுக்கிப் போட்டு யாரோ ஒரு குடும்பத்துக்கு விழுந்தாராம். மாணவர்களுக்குப் பள்ளிக்கூட வகுப்பறையில் பாய். யார் எந்த வீட்டில் என்று எழுதி ஒட்டியிருந்த பட்டியலை ஜெபசிங் பார்க்கவில்லை. தனக்கு அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. அம்மாதான். நான்கு நாளாக இதே கதை. "ஏல, ஒரு சேதி கேளு..." என்று அவள் ஆரம்பிப்பாள். "கூட்டத்துல இருக்கேம்மா. ஞாயித்துக்கெழம எல்லாம் முடிச்சிட்டு வீட்டுக்கு வாரேன்" என்று இவன் வைத்துவிடுவான். இப்போது எடுக்காமலே அமுக்கிவிட்டான்.

அடுத்த அமர்வு தொடங்கியதும் பேராயர் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார்.

"நம்ம மாணவப் பிரதிநிதி தம்பி ஜெபசிங்கோட தாயாருக்கு உடம்பு சரியில்ல. நாலு மணிக்கு நான் போயிப் பாக்கப் போறேன். அதுக்கு முந்தி அவங்களுக்காக எல்லாரும் எழும்பி நின்னு ஜெபிப்போம்."

நானூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன. ஜெபசிங்கும் எழுந்து நின்றான். வேறு வழி?

"ஆண்டவரே, இந்தத் தாயின் கண்களை நினைத்தருளும். அந்தக் கண்கள் எதைக் காண ஏங்குகின்றனவோ அதைச் சீக்கிரம் காணச் செய்யும்."

நானூறு பேரும் ஆமென் சொன்னார்கள். கண் எங்கே வந்தது என்று ஜெபசிங்குக்குப் புரியவில்லை. ஆனால் பேராயரே ஜெபித்த பிறகு கால்வலி என்று சொல்லவா முடியும்?

அமர்வு முடிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பெண்கள் ஐக்கியத்தார் மூன்று பேர் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"கண்ணுல என்னங் தம்பி? புரையா?"

"ஆமாக்கா."

"ஆபரேஷன் ஆயிருச்சுங்களா?"

"காலையில ஏழு மணிக்கு ஆச்சு."

"இப்ப ஆஸ்பத்திரியிலீங்களா?"

"இல்லக்கா, வீட்டுக்கு வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான், ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"அப்ப நாலு மணிக்கு அய்யாவோட நாங்களும் வர்றோங்" என்றார்கள் மூவரும்.

ஜெபசிங் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டு சங்கரனுக்குப் போன் போட்டான்.

சங்கரன் அவனுடைய பள்ளித் தோழன். லேபர் கேம்ப்பிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்காவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்த பிள்ளைகளில் ஜெபசிங் ஒருவன். பள்ளி விட்டதும் இரண்டு பேரும் சங்கரன் வீட்டுக்கு ஓடுவார்கள். சங்கரனின் அம்மா பானுமதி மாமி, இரண்டு தட்டில் தயிர்சாதம் பிசைந்து வைத்திருப்பாள். மழைக்காலத்தில் தண்டவாளப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டால், சங்கரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து மழை எப்போது விடும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். விடவே கூடாது என்றும் உள்ளுக்குள் வேண்டிக்கொள்வான்.

"அரே யார்," என்று இந்தியில் ஆரம்பித்தான் சங்கரன், எல்லாம் கேட்டுவிட்டு. "ஏணி கேப்பா, பிரஷர் குக்கர் கேப்பா. அம்மாவ யாராவது இரவல் கேப்பாளா?"

"ஒரு மணி நேரந்தான்டா."

"தேக், பாரு, எங்காத்துல நொழஞ்சாலே சாம்பிராணி வாசனை வரும். உன் பிஷப்புக்கு மூக்கு இருக்கோ இல்லையோ?"

அதற்குள் மாமி போனைப் பிடுங்கிவிட்டாள். "என்னடா ஜெபா, அம்மா வேஷமா? இருபத்தஞ்சு வருஷமா நாடகத்துல எனக்குப் பக்கத்தாத்து மாமி வேஷந்தான் குடுத்தா. காப்பி டம்ளரைக் கொண்டு வெச்சுட்டு உள்ள போயிடணும். இப்பத்தான் எனக்குன்னு ஒரு அம்மா வேஷம் வந்திருக்கு. நீ கூட்டிண்டு வா, நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, பிள்ளையாரை எடுக்க மாட்டேன். வேணும்னா திரை போட்டுக்கோ."

பேராயரிடம் சங்கரன் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கே ஜெபசிங் அங்கே ஓடிப்போனான். பூஜை அலமாரிக்கு மேல் ஒரு போர்வையைக் கட்டினார்கள். கீழ்வீட்டு கோவாக்கார ஆன்ட்டியிடம் வேதாகம வசனம் போட்ட காலண்டர் இரவல் வாங்கி மாட்டினார்கள். வசனம் கொங்கணியில் இருந்தது, போனால் போகிறது. நெற்றிக் குங்குமத்தைத் துடைக்க மாமி சம்மதிக்கவில்லை. அதனால் தலைவலிக்கும் சேர்த்து நெற்றியில் ஒரு துணிக்கட்டு. கண்ணுக்கு, சங்கரன் பைக் ஓட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடி. பக்கத்து வீட்டு வேஷம் இந்த முறை சங்கரனுக்கு வந்தது.

எல்லாவற்றையும் மறைத்தவர்கள் காலிங் பெல்லை மறந்துவிட்டார்கள்.

நான்கு மணிக்குப் பேராயர் வாசலில் நின்று பொத்தானை அழுத்தியதும், பெல் கணீரென்று பிள்ளையார் ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்தது. சின்ன ஸ்லோகம் இல்லை. ஜெபசிங் கதவைத் திறந்தபோது பேராயர் தலையைக் குனிந்து கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று பெண்களும் ஆரஞ்சுப் பழப் பைகளோடு திகைத்து நின்றார்கள்.

"முடியட்டும்" என்றார் பேராயர். முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

"இதுக்கு முந்தி குடியிருந்தவங்க வச்சது அய்யா" என்றான் ஜெபசிங்.

மாமி கட்டிலில் படுத்திருந்தாள். "வாங்கோ, வாங்கோ... வாங்க" என்று முனகினாள். முதல் வசனத்திலேயே இரண்டு தடவை தடுக்கிவிட்டோம் என்று அவளுக்கே கோபம் வந்திருக்க வேண்டும். அதை ஈடுகட்ட ஒரு நீளமான பெருமூச்சு விட்டாள்.

பேராயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, மகன் மேல ரொம்பப் பிரியமோ?"

"பின்னே?" மாமியின் குரல் சட்டென்று மாறிவிட்டது. அதில் நடிப்பு இல்லை. "சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு வந்தா ரெண்டு தட்டு சாதம் சாப்பிடுவான். சாப்ட்டுட்டு, 'எங்கம்மாவுக்கு ஒரு டப்பாவுல போட்டுத் தாங்க'ன்னு கேப்பான்."

கோயம்புத்தூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி பதறிப்போய், "அவன் அம்மான்னா நான்தான்! எனக்குத்தான் எடுத்து வெப்பான்!" என்றாள்.

"புரியுது அம்மா" என்றார் பேராயர்.

அவர் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்துப் பாடினார். இரண்டாவது அடியிலேயே மாமி தலையை ஆட்ட ஆரம்பித்தாள். வார்த்தை ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ராகம் ஆனந்தபைரவி. அது அவள் சொந்தச் சொத்து. படுத்தபடியே தொடையில் தாளம் போட்டாள், பிறகு சேர்ந்து இழுத்தாள், பேராயர் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல் ஒரு சுற்று தனியாகவும் போய்விட்டு வந்தாள். பேராயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான்கு நாளில் ஜெபசிங் பார்த்ததில்லை. ஒருவேளை தப்பித்துவிட்டோமோ என்று அவனுக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

அப்போதுதான் மூவரில் மூத்த அம்மாள் மேசை மேலிருந்த மருந்துக் குப்பியைப் பார்த்தார். நோயாளி அறை மாதிரித் தெரியட்டும் என்று சங்கரன் எடுத்து வைத்த குப்பி. உண்மையில் அது சங்கரனின் அப்பாவுடைய காது வலிக்கு வாங்கியது.

"நாலு மணிக்கு மருந்து போடணுமுங்க இல்ல? நேரமாச்சு. கண்ணாடியக் கழட்டுங்கம்மா, நான் போட்டு விடறேன்."

"வேண்டாம், வேண்டாம்!"

"கூச்சப்படாதீங்க" என்று அவர் கண்ணாடியைக் கழற்றி, குப்பியைக் கவிழ்த்தும்விட்டார். சொட்டு வெளியே எட்டிப் பார்த்தது.

மாமி துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். "எனக்குச் சரியாப் போயிடுத்து! கண்ணு நன்னாத் தெரியறது! அதோ, நீங்க பச்சைப் புடவை, நீங்க மஞ்சள், உங்க காதுல கல்லு வெச்ச தோடு!"

மூன்று பெண்களும் ஒரே குரலில், "ஸ்தோத்திரம்!" என்று கத்தினார்கள். பச்சைப் புடவைக்காரர் அழுதேவிட்டார். காலையில் நானூறு பேர் ஜெபித்தார்கள், சாயங்காலம் கண் திறந்துவிட்டது!

"அம்மா, நாளைக்குக் காலையில நீங்க பேரவைக்கு வந்து எல்லாரு முன்னாலயும் சாட்சி சொல்லியே ஆகணுமுங்க" என்றார் மூத்த அம்மாள்.

ஜெபசிங் மாமியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சங்கரனும் ஆட்டினான். மாமி அவர்களைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"மேடையா?" என்றாள். "மைக் உண்டோ? எத்தனை மணிக்கு வரணும்?"

திரும்பும்போது பெண்கள் மூவரும் பூ வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள். டாக்சியில் பேராயரும் ஜெபசிங்கும் மட்டும். வரவேற்புக் குழு பேராயருக்காக அமர்த்திய டாக்சி. ஓட்டுபவர் கரீம் பாட்சா, தென்காசிப் பக்கத்துக்காரர், வாயே திறக்காத மனிதர்.

"நாளைக்கு அம்மா சாட்சி சொல்லும்போது நீரும் மேடையில பக்கத்துல நிக்கணும்" என்றார் பேராயர்.

"சரிங்க அய்யா."

"முகவரியையும் ரெண்டு வார்த்தையில சொல்லிரும். நாலு பேரு போயிப் பாப்பாங்க."

ஜெபசிங் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாட்சா, நான் தங்கியிருக்க வீட்டுல மாத்திரைய வச்சிட்டு வந்துட்டேன். அங்க போயிட்டுப் போவோம்."

செம்பூருக்குக் கிழக்கே திரும்ப வேண்டிய டாக்சி மேற்கே திரும்பியது. ரயில் பாலம் ஏறி இறங்கியது. ஜெபசிங் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்தான். முதலில், யாராவது பார்த்து 'ஏல ஜெபா' என்று கூப்பிட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் இருந்தது.

ஆனால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. கவிழ்த்துப் போட்ட கூடைகளின் மேல் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. தையல் மிஷின்களின் சத்தம், அரவைக் கல்லின் சத்தம், சாய்த்து நிறுத்திய இட்லி சைக்கிள்கள். நீலக் கதவு போட்ட சின்னக் கோயில். டிசம்பர் வந்தால் அங்கிருந்துதான் கிறிஸ்துமஸ் பஜனை கிளம்பும். சந்துக்குள் ஆர்மோனியப் பெட்டியும் ஆளும் சேர்ந்து நுழைய முடியாது. அப்பா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பார். அப்பா இறந்த வருடம் பெட்டியை ஜெபசிங் தூக்கினான். பதினொரு வயது. பெட்டி சரிந்துவிடாமல் பின்னாலேயே ஒரு கையால் தாங்கிக்கொண்டு சந்து சந்தாக வந்தது அம்மா. மறுநாள் இட்லிக்கு அரைக்க வேண்டுமே என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தத் தெருக்களைத்தான் அவன் மூன்று வருடமாக மறைத்துக்கொண்டு திரிந்தான். தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

செல்போன் அதிர்ந்தது. அம்மா. அமுக்கப்போன விரல் நின்றுவிட்டது.

"அய்யா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன்?"

"எங்க வீடு மாட்டுங்காவுல இல்ல. இங்கதான், லேபர் கேம்ப்புல. அந்த ரெண்டு வார்த்தைய நான்தான் எழுதாம விட்டேன். அந்த மாமி எங்கம்மா இல்ல. எங்கம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாலு நாளா ஆறு கிலோமீட்டர்ல இருந்துகிட்டு நான்தான் அவளப் போயிப் பாக்கல." அவன் குரல் உடைந்துவிட்டது. "எனக்குக் குருப்பட்டம் தராட்டாலும் பரவால்ல அய்யா. நான் வெக்கப்பட்டத மட்டும் எங்கம்மாட்ட சொல்லிராதீக."

பேராயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளை அட்டைய நாலு நாளா விசிறிக்கிட்டே இருந்தீரு" என்றார். "இப்பத்தான் ஒழுங்காத் தூக்கியிருக்கீரு. நேர்முகத்துல மத்ததப் பேசிக்கிடுவோம். எறங்கும்."

டாக்சி நின்றிருந்தது. ஜெபசிங் ஜன்னல் வழியாகப் பார்த்தான். சந்து முனை, தகரக் கூரை, வாசலில் கழுவிக் கவிழ்த்த இட்லித் தட்டுகள். இது அவன் வீடு. இன்னும் யாரும் வழி சொல்லவில்லையே என்று அவன் விழித்துக்கொண்டிருக்கும்போது, வாயே திறக்காத கரீம் பாட்சா இரண்டு தடவை ஹாரன் அடித்து, வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டார்:

"ஞானப்பூ அக்கா! சீட்டுல உங்க வீட்டுக்கு விழுந்த விருந்தாளி வந்துட்டாவ. நாலு நாளா சாளைக் கொழம்ப ஊத்தி ஊத்தி 'எம்மவன எப்ப கண்ணுல காட்டுவீய'ன்னு கேட்டீயளே, இந்தா, கையோட கூட்டிட்டு வந்திருக்காவ!"